திருமலைப் பாதை உங்கள் ரேஸ் ட்ராக் அல்ல

பழைய போலோ ஜிடியை ட்ராக் டேக்குத் தயார் செய்வது எப்படி என்று நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரை சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கார்ப் பித்தர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் நல்ல வேகம் இருக்கிறது. வேகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுதான் குறை. முதலில் இன்ஜின் மென்பொருளை மாற்றும் ரீமேப், அடுத்து பெரிய அலாய், பிறகு காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங். பிரேக்கை அப்படியே விட்டுவிடலாம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குக் காசு கட்டிப் போவதற்கு முன்னால், விடியற்காலையில் திருமலைக் காட் ரோட்டில் நாலு தடவை ஏறி இறங்கிக் கை பழகிக்கொள்ளலாம். இவ்வளவுதான் அதன் சாரம். ரீமேப் பணத்தைத் தின்னும், அலாயும் ஸ்பிரிங்கும் காரைக் கெடுக்கும், அந்தக் கடைசி யோசனை ஆளைக் கொல்லும். அதனால்தான் இதைச் சும்மா விட முடியவில்லை.

பிரேக்கைத் தொட வேண்டாம் என்பதற்கு அவர் காட்டும் ஆதாரத்தைப் பாருங்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருமலையிலிருந்து எத்தனையோ முறை இறங்கியிருக்கிறாராம். ஒருமுறைகூடப் பிரேக் கைவிடவில்லையாம். மலையிலேயே தாங்கிய பிரேக் சமதளத்து ட்ராக்கில் தாங்காதா என்று கேட்கிறார். கேட்டவுடன் நியாயம் போலத்தான் தோன்றும். பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது.

திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது தீர்க்க வேண்டிய ஆற்றல் சுமார் 96 லட்சம் ஜூல். பெரிய எண்தான். ஆனால் தேவஸ்தானத்தின் விதிப்படி இறங்குவதற்கு 40 நிமிடம் எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 4,000 ஜூல்தான் வருகிறது. அதிலும் கணிசமான பங்கை இன்ஜின் பிரேக்கிங்கும் காற்றும் டயரின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். டிஸ்க்குக்குப் போவது மிச்சம்.

இப்போது ட்ராக்குக்கு வருவோம். ஓட்டுநரோடு 1,200 கிலோ என்று வையுங்கள். நேர்பாதையின் முடிவில் 150 கி.மீ. வேகத்திலிருந்து 60க்குக் குறைக்க வேண்டும். ஒரே மிதியில் ஏறக்குறைய எட்டே முக்கால் லட்சம் ஜூல், அதுவும் மூன்று விநாடி சொச்சத்தில். விநாடிக்கு இரண்டரை லட்சம் ஜூலுக்கும் மேல் என்று ஆகிறது. மலையிறக்கத்தைப் போல அறுபது மடங்கு. பெரும்பகுதியை முன் பிரேக்குகள்தான் சுமக்கும், ஏனென்றால் அழுத்தி மிதிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்னால் இருப்பது டிரம். சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், அது முடிவதற்குள் இன்னொன்று. மலையில் தாங்கியது என்பது ட்ராக்கில் தாங்கும் என்பதற்கு எந்த வகையில் சாட்சி? அது மெதுவாக இறங்கியதற்கு மட்டுமே சாட்சி.

இதில் பிரேக் ஆயிலின் கதை தனி. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. ஈரம் ஏறியபின் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். நம் ஊர் ஈரக்காற்றில் நாலைந்து வருடம் மாற்றாமல் கிடக்கும் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காலிப்பரில் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதித்த பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. பேட் சூடேறித் தோற்றால் பெடல் கல்லாக இருக்கும், பிடிமானம்தான் இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடத் தெரியாத கட்டுரை, பிரேக் போதும் என்று தீர்ப்பு எழுதுகிறது!

ரீமேப்பை எடுத்துக்கொள்வோம். அதனால் கார் வேகமெடுக்கும் என்கிறார். எடுக்கும், மறுக்கவில்லை. நேர்பாதை முடிவில் 150க்குப் பதில் 160 தொடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கூடியது பத்து கிலோமீட்டர். ஆனால் வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால், 60க்குக் குறைக்கப் பிரேக் விழுங்க வேண்டிய சூடு 16 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் சூட்டை எங்கே போடுவது? தொட வேண்டாம் என்று அவரே சொன்ன அதே பேட், அதே ஆயிலின் மேல். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு, சமையல்காரருக்குச் சொல்ல மறந்தவரின் ஏற்பாடு இது.

2013இல் இங்கே வந்த ஜிடி டிஎஸ்ஐயின் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் கம்பெனி அமைப்பில் 105 குதிரைசக்தியும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். அதோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. அதிகபட்சம் 250 நியூட்டன் மீட்டருக்கென்று வடிவமைக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிறுவனம் விட்டுவைத்தது நம் ரீமேப்காரர் வந்து நிரப்பட்டும் என்பதற்காக இல்லை. சித்திரை வெயிலில் ட்ராக் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தார் தகிக்கும்போது, பத்து வருடம் ஓடிய கியர்பாக்ஸுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். போதாததற்கு இது முன்சக்கர இழுவை வண்டி. திரும்புவது, பிரேக்கின் பெரும்பங்கு, இழுப்பது எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில்தான். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்க டயர் வெறுமனே சுழன்று புகைகிறதென்றால், கூடுதல் சக்தி அந்தப் புகையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பெரிய அலாய் பற்றிய பத்தி வெறும் அலங்காரம். கனமான 17 அங்குல அலாய் சஸ்பென்ஷனுக்குச் சுமை, முடுக்கத்துக்குத் தடை, பிரேக்குக்கு இன்னொரு பாரம். கம்பெனி கொடுத்த 185/60 ஆர்15க்குப் பதில் அதே 15 அங்குலத்தில் 195/55 நல்ல டயர் போட்டாலே போதும். விட்டம் எட்டு மில்லிமீட்டர்கூட மாறாது, பிடிமானம் மாறும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2217 என்று இருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் பிறந்த டயர். பட்டன் தேயவில்லையே என்று அதை ட்ராக்குக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. ஸ்பிரிங்கை மட்டும் தாழ்த்திவிட்டுப் பழைய ஷாக்கையும் வெடித்த புஷ்களையும் அப்படியே வைத்துக்கொள்வதைப் பற்றி என்ன சொல்ல? கார் அழகாக நிற்கும். வளைவில் தன் இஷ்டத்துக்குப் போகும்.

இதுவரை சொன்னவற்றில் தோற்றால் அவருடைய பணமும் அவருடைய காரும்தான் போகும். காட் ரோடு விஷயம் அப்படியில்லை.

இன்று இறங்குவதற்குப் பயன்படும் முதல் பாதை 1944 ஏப்ரலில், சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தது. ஏறுவதற்கான இரண்டாவது பாதை 1970களில் வந்தது. இரண்டும் ஒருவழிதானே, எதிரே வண்டி வராதே, ட்ராக் மாதிரியேதானே என்கிறார் நண்பர். எதிரே வண்டி வராது. முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியுமா? கொண்டை ஊசி வளைவில் முழு அகலத்தையும் எடுத்துத் திரும்புகிற பேருந்து. சூடேறி ஓரங்கட்டிய வேன். ஏழாவது மைல் பக்கம், அலிபிரி நடைபாதை சாலையை ஒட்டி வரும் இடத்தில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கோவிந்தா போட்டபடி நடக்கிற குடும்பம். காடு வேறு. 2023 ஆகஸ்டில் அந்த நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதை இந்த ஊர் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் பாறைகள் உருண்டு இரண்டாவது பாதையையே உடைத்துப் போட்டன. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் பள்ளம். தடம் தவறினால் போய் நிற்பதற்கு ஜல்லிப் படுகை எங்கே இருக்கிறது?

விடியற்காலையில் பாதை காலியாக இருக்கும் என்பதும் இந்த ஊர்க்காரர் சொல்லும் பேச்சாக இல்லை. அந்த நேரத்தில் இறங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் இரவெல்லாம் வரிசையில் நின்று தரிசனம் முடித்தவர்கள். ஏறுகிற ஓட்டுநர்கள் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ராத்திரி முழுக்கக் கண் விழித்து வந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் தன் ரீமேப்பைச் சோதித்துப் பார்க்கப் போகிறாராம்.

தேவஸ்தானம் சுங்கச்சாவடியில் நேரம் குறித்து, ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்திருப்பதைக் கிண்டல் செய்கிறார். வழியில் வேகமாக வந்துவிட்டு, கடைசி வளைவில் ஓரமாக நிறுத்தி நேரத்தைக் கழிக்கலாம் என்று குறுக்குவழியும் சொல்லித் தருகிறார். இதை அச்சில் ஏற்றுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்த 40 நிமிடம் இருப்பதால்தான் அவருடைய பிரேக் இதுவரை கைவிடவில்லை என்பதை மேலே போட்ட கணக்கிலேயே பார்த்தோம். எந்த விதி அவரைக் காப்பாற்றியதோ அதை மீறச் சொல்கிறார், அது காப்பாற்றியதைத் தன் பிரேக்கின் பெருமையாகவும் காட்டுகிறார்.

ஆபத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தப் பழக்கத்தால் ட்ராக்குக்கு ஒரு பயனும் இல்லை. ட்ராக்கில் ஒரே வளைவு லேப்புக்கு லேப் திரும்பி வரும். எங்கே மிதித்தோம், எங்கே திருப்பினோம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த முறை மூன்று மீட்டர் தள்ளி மிதித்துப் பார்க்கலாம். தப்பினால் ஓடி நிற்க இடம் உண்டு, கொடி காட்ட மார்ஷல் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. மலைப்பாதையில் எல்லையைத் தொட்டுப் பார்க்கவே முடியாது. தொட்டவர் திரும்ப வந்து கற்றதைச் சொல்லப்போவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுச்சாலையில் வேகச் சோதனை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி குற்றம். முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. நிறுவனம் பதிவுசெய்த அமைப்பை மாற்றுவதற்கு 52ஆம் பிரிவு தடை போடுகிறது. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை வழக்கமான வாகனக் காப்பீடு விலக்கிவைக்கிறது. ட்ராக்குக்கும் அது பொருந்தும் என்பதால், அங்கே போகிறவரும் தன் கைக்காசை நினைத்தே போக வேண்டும். கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

ட்ராக் பணக்காரர்களின் இடம் என்ற புலம்பலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக், திருப்பதியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அதற்கு முன் சோழவரத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. நமக்கு இவ்வளவு பக்கத்தில் முழு ட்ராக் ஒன்று இருப்பது நாட்டில் எல்லோருக்கும் வாய்க்காத வசதி. நண்பர் ரீமேப்புக்கும் அலாய்க்கும் ஒதுக்கிய தொகையில் புது டாட் 5.1 ஆயில், சூடு தாங்கும் முன் பேட், நாலு நல்ல டயர், தேய்ந்த புஷ், ஒழுங்கான வீல் அலைன்மென்ட், இன்ஜின் ஆயில், ஒரு நாள் ட்ராக் கட்டணம் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலலாம். அதற்குமேல் பணம் மிஞ்சினால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பயிற்சியாளருக்குக் கொடுக்கலாம். சில லேப் ஓட்டியதும் ஒரு லேப் மெதுவாகச் சுற்றிப் பிரேக்கை ஆறவிட்டு, பிட்டுக்கு வந்து வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டரில் சரிபார்த்துவிட்டு மறுபடி போகலாம். ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்தாதீர்கள், சூடான டிரம்மோடு லைனிங் ஒட்டிக்கொள்ளும். பேலியோ 1.6 வைத்திருப்பவருக்கும், பழைய ஸ்விஃப்ட் வைத்திருப்பவருக்கும் வரிசை இதேதான்.

ரீமேப் பற்றி அவர் என்ன எழுதிக்கொண்டாலும் அது அவர் காரோடு போகும். காட் ரோட்டில் பழகச் சொன்ன பத்தியையும் 40 நிமிட விதியை ஏமாற்றச் சொன்ன பத்தியையும் அவர் வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும். அதைப் படித்துவிட்டு எந்தப் பையனாவது அலிபிரியில் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.