திரையிலும் ஒரு சோதனைச் சாவடி

2020-ல் கொரோனா பரவியபோது வாளையாரிலும் குமுளியிலும் பாஸ் இல்லாமல் எல்லை கடக்க முடியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் வீடும் கோவையில் வேலையுமாக இருப்பவர்களுக்கு அது சோதனைக் காலம். அப்போது கைகொடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்கு எழுதும் வசதி அது. பாதை திறந்த பிறகும் பல கடைகளில் அந்தப் பழக்கம் நீடிக்கிறது.

ஆனால் இந்த வழியிலும் ஒரு சோதனைச் சாவடி உண்டு. அதன் பெயர் லைசென்ஸ்.

விண்டோஸ் ஹோம் உள்ள கம்ப்யூட்டருக்குள் அதன் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வெளியிலிருந்து நுழைய முடியாது. புரோ என்றால் நுழையலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால் நாற்காலியில் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். பலர் சேர்ந்து வேலை செய்ய சர்வர் வேண்டும். அதிலும் நிர்வாகப் பணிக்கு மட்டுமே இரண்டு பேருக்கு இடம். மற்ற ஒவ்வொருவருக்கும், அல்லது ஒவ்வொரு கருவிக்கும், தனி உரிமம் வாங்க வேண்டும். முதல் 120 நாள் சலுகை. அதற்குள் வாங்காவிட்டால் கதவு மூடிவிடும். டீம்வியூவர் போன்றவை சொந்த உபயோகத்துக்கு இலவசம்; வியாபாரத்துக்குக் கட்டணம் உண்டு.

கதவு மூடியதும் முதலாளியின் கோபம் குமாஸ்தா மீதே பாய்கிறது. 'எப்படியாவது சரி செய்' என்கிறார். உடனே யாரோ ஒருவர் பூட்டை உடைக்கும் புரோகிராமைக் கொண்டு வருகிறார். இங்கேதான் எச்சரிக்கை தேவை. அத்தகைய புரோகிராமோடு கணக்கைத் திருடும் வைரசும் வரக்கூடும். சட்டமும் சும்மா இருக்காது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. 'பயன்படுத்துபவர்' என்ற சொல் முதலாளியை மட்டும் குறிப்பதன்று. விசைப்பலகையில் கை வைத்தவரையும் அது தொடும்.

மாதச் சம்பளக்காரர் இந்தச் சுமையை ஏன் தாங்க வேண்டும்? உரிமத்துக்குப் பணம் கட்டுவது கடையின் பொறுப்பு. எத்தனை பேர் நுழையலாம், ரசீது எங்கே என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது குமாஸ்தாவுக்குப் பாதுகாப்பு.

செலவுக்கு அஞ்சும் முதலாளிக்கும் நேர்வழி இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ்தான் நடைமுறையில் உள்ளது. சித்தூரிலும் மூணாறிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் கை அதில் பழகுகிறது. எக்ஸ்ஆர்டிபி போன்ற கட்டற்ற சாதனத்தைச் சேர்த்தால் ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரில் பலர் தொலைவிலிருந்து வேலை செய்யலாம். தலைக்கு ஒரு கட்டணம் இல்லை. கடையின் கணக்குப் புரோகிராம் லினக்சில் ஓடுமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் பள்ளியில் நேர்வழியில் கற்பதைப் பெற்றோர் கடையில் குறுக்கு வழியில் செய்ய வேண்டியதில்லை.