செங்கல்பட்டுக்கு அப்பால்

விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் நடுவே அமைந்த ஊர் கண்டமங்கலம். அவ்வழியே செல்லும் இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதியையும் பிரெஞ்சுக்காரர் ஆட்சிப்பகுதியையும் இணைத்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 38 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை இவ்வூரில் இருப்புப்பாதையைக் கடந்து செல்கிறது. அதனால் நெடுங்காலமாகக் கண்டமங்கலத்தார் பலருக்குத் தொடர்வண்டி என்பது ஏறிச் செல்லும் ஊர்தியாக இருந்ததைவிட, மூடிய கடவுக் கதவின் முன் காத்து நிற்க வைக்கும் ஒன்றாகவே இருந்தது. பக்கத்தில் உள்ள சின்னபாபுசமுத்திரம் நிலையத்தில் நாளொன்றுக்குச் சில வண்டிகளே நிற்கின்றன. சென்னைப் பக்கம் வேலைக்குச் செல்லும் இளைஞர், தண்டவாளம் வீட்டருகே ஓடினாலும், பேருந்து ஏறி விழுப்புரம் சென்று அங்கிருந்தே பயணத்தைத் தொடங்குகிறார்.

இது ஒரு சிற்றூரின் தனிக்குறை அன்று. சென்னைப் பெருநகரின் புறநகர் மின்தொடர்வண்டி எங்கே முடிய வேண்டும் என்னும் பெரிய வினாவின் ஒரு முனையே கண்டமங்கலம்.

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. நாள்தோறும் பணிக்குச் செல்வோருக்கான வண்டி தோன்ற அதன்பின் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பம்பாயில் முதல் மின்வண்டி ஓடி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம்பரம் அக்காலத்தில் நகரம் அன்று. வயலும் குன்றும் சூழ்ந்த ஊர். மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்னும் புதிய குடியிருப்பு எழுந்துகொண்டிருந்த காலமும் அதுவே. (ஏரியைத் தூர்த்ததன் விலையைச் சென்னை இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் செலுத்திக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை.) நகரம் வளர்ந்த பிறகு வண்டி விடப்படவில்லை, வண்டி விடப்பட்டதால் நகரம் அத்திசையில் வளர்ந்தது. சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை என நிலையங்களைக் கோத்த மாலையாகத் தென்சென்னை நீண்டது அவ்வாறுதான்.

மக்கள் பெரிதும் அறியாத செய்தி ஒன்று உண்டு. தாம்பரத்திற்குத் தெற்கே விழுப்புரம் வரையிலான மீட்டர் பாதை 1960களிலேயே மின்மயமாக்கப்பட்டது. 1967இல் கடற்கரை–தாம்பரம் பகுதியும் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்திலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்திற்கு மாற்றப்பட்டது. மேற்கம்பி விழுப்புரத்தை எட்டி அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அகலப்பாதை வந்தது, இரட்டைப்பாதை வந்தது, புதுச்சேரிக் கிளைப்பாதைக்கும் மின்கம்பி வந்தது. அடிக்கடி வரும் வண்டி மட்டும் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. கடற்கரையிலிருந்து 60 கி.மீ. தொலைவில், கொளவாய் ஏரிக்கரையில், புறநகர் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களுக்கு ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்குப் பல மணிநேரம் காத்திருக்கும் நிலையே உள்ளது.

எழும்பூருக்கு 120 கி.மீ.க்கு மேல் தொலைவிலுள்ள திண்டிவனத்திலிருந்து யார் நாள்தோறும் சென்னைக்கு வரப்போகிறார்கள் என்று கேட்பது எளிது. இக்கேள்வி பழைய சென்னையை மனத்தில் வைத்துக் கேட்கப்படுவது. பணியிடம் என்றால் பாரிமுனை, அலுவலகம் என்றால் கோட்டை என்றிருந்த காலம் போயிற்று. மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், ஒரகடம், மகிந்திரா உலக நகரம் என வேலை தெற்கு நோக்கி நகர்ந்து வந்துவிட்டது. உலக நகரத்தை ஒட்டியே பரனூர் நிலையம் உள்ளது. திண்டிவனத்திற்கும் பரனூருக்கும் இடையே ஏறத்தாழ 70 கி.மீ.தான். சீராக ஓடும் மின்தொடர்வண்டிக்கு அது ஒன்றரை மணிநேரப் பயணம். அவ்வண்டி இல்லாமையால் விழுப்புரம் மாவட்டத்து இளைஞர்கள் தொழிற்சாலைகளை அடுத்த சிற்றறைகளில் நால்வராகவும் ஐவராகவும் தங்குகிறார்கள். ஊதியத்தில் பெரும்பங்கு வாடகைக்கும் உணவுக்கும் போகிறது. வீட்டிலிருந்து சென்றுவர வழியிருந்தால் வேலையை ஏற்றிருக்கக்கூடிய பெண்கள் பலர், வெளியூரில் தங்க வேண்டும் என்றதும் அதைக் கைவிட நேர்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டிலும் பதிவாகாத இழப்பு இது.

பயணம் ஒரு திசையிலேயே நிகழ்வதும் அன்று. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ளது. அங்கே தொடர்வண்டி நிலையமும் உண்டு. ஒலக்கூரிலிருந்தோ மயிலத்திலிருந்தோ வரும் நோயாளிக்கு, மணிக்கொரு வண்டி என்பது எத்தகைய உதவி என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தடைகளும் உண்மையானவையே, அவற்றை மறைப்பது நேர்மை ஆகாது. எழும்பூருக்கும் தாம்பரத்திற்கும் இடையே புறநகர் வண்டிகளுக்கெனத் தனிப்பாதைகள் உள்ளன. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மூன்றாம் பாதை அமைந்துள்ளது. செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரையிலான 103 கி.மீ.க்கு இருப்பவை இரண்டே பாதைகள். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி எனத் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அவ்விரண்டிலேயே ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று செல்லும் வண்டி முன்னே சென்றால், பின்னே வரும் விரைவு வண்டி வேகத்தைக் குறைத்தாக வேண்டும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும் தென்மாவட்ட வண்டிகள் பல நிறுத்தப்பட்டன. சில வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. தமிழ்நாட்டின் பாதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்நாள் காட்டியது. எனவே கூடுதல் பாதை என்பது புறநகர்ப் பயணிகளின் கோரிக்கை மட்டும் அன்று. தென்காசியில் இருப்பவரும் கேட்க வேண்டிய ஒன்று.

கூடுதல் பாதை அமையும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. மும்பையின் மேற்குப் புறநகர் வண்டி முன்பு விரார் வரையே சென்றது. 2013இல் அது சிக்கூப் பழத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற தகாணு சாலை வரை நீட்டிக்கப்பட்டது. சர்ச்கேட்டிலிருந்து தகாணு சாலை ஏறத்தாழ 124 கி.மீ.; எழும்பூரிலிருந்து திண்டிவனம் உள்ள தொலைவும் ஏறக்குறைய அதுவே. விராருக்கு அப்பால் அன்று இருந்தவையும் இரண்டே பாதைகள்தாம். நெடுந்தொலைவு வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே அங்கே புறநகர் வண்டியும் ஓடத் தொடங்கியது. நான்கு வழிப்பாதைப் பணி பின்னரே வந்தது. நெரிசல் அங்கே தீர்ந்துவிட்டது என்று எவரும் கூறமாட்டார். ஆயினும் முதலில் வண்டி, பிறகு பாதை என்னும் வரிசையும் நடைமுறைக்கு ஒத்ததே என்பதற்கு அது சான்று.

எவ்வகை வண்டி என்பது மற்றொரு கேள்வி. புறநகர் மின்தொடர்வண்டியை அப்படியே விழுப்புரத்திற்கு நீட்டுமாறு சிலர் கேட்கின்றனர். அது பொருந்தாது. அவ்வகைப் பெட்டிகளில் கழிப்பறை இல்லை. அரைமணி நேரப் பயணத்தில் குறையாகத் தெரியாத இது, மூன்று மணிநேரப் பயணத்தில் முதியோர்க்கும் பெண்களுக்கும் நீரிழிவு நோயாளர்க்கும் துன்பமாக மாறும். கழிப்பறையுடன் கூடிய மெமு வண்டிகளே இத்தொலைவுக்கு உரியவை. விழுப்புரம், புதுச்சேரி வழித்தடங்களில் அவை ஏற்கெனவே ஓடுகின்றன. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதன் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். காலையிலும் மாலையிலும் மணிக்கு ஒன்று என, நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க சீரான நேரத்தில் அவை புறப்பட வேண்டும். கட்டணம் பெரிய இடர் அன்று. மாதாந்திரப் பருவச்சீட்டு பொதுவாக 150 கி.மீ. வரை வழங்கப்படுகிறது, திண்டிவனம் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்கும். சீட்டு உண்டு, அதைக் கொண்டு ஏறுவதற்கு வண்டி இல்லை என்பதே நிலை.

இவ்வண்டி ஓடினால் விளைநிலங்கள் மனைகளாகிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. திண்டிவனத்தைச் சுற்றி வேர்க்கடலையும் நெல்லும் விளைகின்றன. கிழக்கே பறவைகள் வந்து தங்கும் கழுவேலி நீர்நிலை உள்ளது. ஆனால் தேசிய நெடுஞ்சாலையின் இருமருங்கும் பாருங்கள்: தொடர்வண்டி வராமலேயே மனைக்கற்கள் நடப்பட்டுவிட்டன. சாலை குடியிருப்புகளை வழிநெடுகச் சிதறவிடுகிறது. நிலையமோ அவற்றைத் தன்னைச் சுற்றித் திரட்டுகிறது. எனினும் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்திற்குத் திட்டம் வகுக்காமல் வண்டியை மட்டும் விட்டால், அஞ்சுவோர் சொன்னதே நடக்கும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கப்பட்டபோதும் திண்டிவனமும் விழுப்புரமும் அதற்கு வெளியேயே நின்றன. ஆகவே அங்கே நிலத்தைக் காக்கும் பொறுப்பு மாவட்டத்திற்கும் ஊராட்சிகளுக்கும் உரியது. வண்டி வருமுன்னரே அவை விழித்துக்கொள்வது நலம்.

பெரிய திட்டங்களுக்குக் குறைவில்லை. திண்டிவனம்–நகரி புதிய இருப்புப்பாதைக்கு 2006–07ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி மக்கள் அதை இன்றும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதனுடன் ஒப்பிட்டால், விழுப்புரத்திலிருந்து புறப்படும் மெமு வண்டிகளைக் கூட்டுவதற்கு நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. புதிய கம்பி இழுக்க வேண்டியதும் இல்லை. அவற்றுள் சிலவற்றைப் புதுச்சேரியிலிருந்தே தொடங்கினால், காலை ஆறு மணிக்குச் சின்னபாபுசமுத்திரம் நடைமேடையில் ஏறும் கண்டமங்கலத்து இளைஞர், எங்கும் வண்டி மாறாமல் பரனூரில் இறங்கி வேலைக்குச் செல்லலாம். இரவு உணவுக்குள் வீடு திரும்பலாம்.