கம்ப்யூட்டர் போச்சா? கொஞ்சம் பொறுங்க!

ஒரு பழைய பெட்ரோல் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் இப்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் முதல் தீர்ப்பு, "இன்ஜின் கம்ப்யூட்டர் போயிடுச்சுங்க" என்பதுதான். கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜெட் அடைத்தால் ஊதினார்கள், பாயிண்ட் கருகினால் எமரி தாளால் தேய்த்தார்கள், வண்டி கிளம்பியது. கண்ணால் பார்த்த கோளாறு, கையால் தீர்ந்த வேலை. இன்றோ டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரியாத சாமி மேல்தானே பழி போடுவது சுலபம்!

கம்ப்யூட்டர் கடைசிக் குற்றவாளியே தவிர முதல் குற்றவாளி அல்ல என்பது என் கருத்து. அது கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும். ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பியூஸ், மெயின் ரிலே, எர்த் ஒயர், செய்தி சொல்லும் சென்சார்கள் இவையெல்லாம் அதைவிடச் சுலபமாகக் கெடும். இவற்றைப் பார்க்காமல் பெட்டியை மாற்றச் சொல்வது வைத்தியம் ஆகாது.

இந்தப் பெட்டி நம் வீதிக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த மின்னணு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பு, அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வேகன் கார்களில் வந்தது. நம் நாட்டில் 1999இல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரக் கார்களுக்கு யூரோ புகை விதிகளைக் கட்டாயமாக்கிய பிறகுதான் சிறு கார்களிலும் கார்புரேட்டர் வேகமாக மறையத் தொடங்கியது. 2005 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 2 நாடு முழுவதற்கும் வந்தது. அப்போது பட்டணத்தார் புதிதாக வாங்கிய கார்களைத்தான் இன்று நம் மேச்சேரி, ஓமலூர், மேட்டூர்ப் பக்கம் மூன்றாம் கையாக, நான்காம் கையாக ஓட்டுகிறோம். வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள் அல்ல. ஆட்டு வியாபாரி, தறிக்காரர், சின்ன விவசாயி.

மேச்சேரியில் ஆட்டு வியாபாரம் செய்யும் என் மாமா ஒருவர் அப்படியொரு கார் வைத்திருக்கிறார். ஓட ஓட நிற்கும், கால் மணி நேரம் கழித்துக் கிளம்பும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை, கார் வாங்கிய விலையில் கால்வாசி. "ஏன் மாப்ள, ரெண்டு கிடா வித்தாக்கூட கட்டாது போலிருக்கே" என்றார் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பரும் ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு உட்கார்ந்தோம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் எர்த் ஒயரில் வைத்து, மாமாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னோம். ஒழுங்கான எர்த் என்றால் 0.1, மிஞ்சிப்போனால் 0.2 வோல்ட்தான் காட்டவேண்டும். காட்டியது 1.3. ஒயரைத் தேடிப் போனால், இன்ஜினில் போல்ட் போட்ட இடத்தில் பச்சையாகக் களிம்பு. சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவினோம். செலவு தேநீர்க் காசு. வண்டி இன்றுவரை நிற்கவில்லை.

இந்தச் சோதனையை ஓம் அளவில் வைத்துச் செய்தால் ஏமாந்துபோவோம். பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டியிருந்தாலும் ஓம் மீட்டர் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளந்தால்தான் உண்மை வெளிவரும். ஓம் விதியைப் பரீட்சைக்கு உருப்போட்ட நமக்கே இது தோன்றுவதில்லையே!

அடுத்து, சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் முதலில் பியூஸ், ரிலே, அந்த பல்பு. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வரவில்லையா? சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் ஷார்ட் ஆனது அந்தச் சென்சார்தான், பெட்டி அப்பாவி. ஸ்கேனர் இல்லையே என்று கவலை வேண்டாம். அந்தக் காலத்துச் சுசுகி இன்ஜின்கள் பலவற்றில் டயக்னோசிஸ் முனையை ஒரு துண்டு ஒயரால் எர்த் செய்தால் அந்த விளக்கே மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லும். ஒரு முறை மின்னி, நிறுத்தி, இரண்டு முறை மின்னினால் 12. அதாவது, பதிவான கோளாறு எதுவுமில்லை.

கரண்ட் சரி, எர்த் சரி, கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னலும் வருகிறது, ஆனாலும் இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் துடிப்பு போகவில்லை என்றால் அப்போது பெட்டியைத் திறக்கலாம். உப்பிய கெப்பாசிட்டர், கண்ணாடி ஓரமாக இறங்கிய மழைநீர் அரித்த தடங்கள், விரிசல் விட்ட சால்டர், கருகிய டிரான்சிஸ்டர் இவைதான் பெரும்பாலும் இருக்கும். இதில் பாதி நம் எலக்ட்ரானிக்ஸ் லேபிலேயே சரிசெய்யக் கூடியவை. மாற்றியே தீரவேண்டுமானால் மேலே ஒட்டியிருக்கும் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இம்மொபிலைசர் உள்ள கார் என்றால் சாவியோடு அறிமுகம் செய்து வைக்காமல் ஸ்டார்ட் ஆகாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி கிடைத்துவிட்டது என்று ஓடிவந்து மாட்டுவதற்கு முன்னால், பழையது ஏன் கருகியது என்று கேளுங்கள். ஷார்ட் ஆன காயிலை அப்படியே விட்டால் அது புதுப் பெட்டியையும் தின்றுவிடும்.

நல்ல பெட்டியை நாமே கொல்வதும் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சார்ஜ் ஆகிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். இப்போது அப்படிச் செய்தால் பாயும் வோல்ட்டேஜில் கம்ப்யூட்டர் போய்விடலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் வெல்டிங் ராடை எடுக்கும் தம்பிகளும் முதலில் பேட்டரி ஒயரையும் கம்ப்யூட்டர் பிளக்கையும் கழற்றிவிடுவது நல்லது. லாரியிலும் இப்போது அதே பெட்டிதானே.

பெரிய கம்பெனிகளின் கருவி இல்லாமல் சின்ன மெக்கானிக் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஆகஸ்ட் 25இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்து, அவை கிடைக்க வழிசெய்யவும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் உரிமை கையில் வந்தாலும் மீட்டர் பிடிக்கத் தெரிந்த கை வேண்டாமா? மெக்கானிக்கல் மாணவன் ஒயரைக் கண்டு பயப்படுகிறான், எலக்ட்ரானிக்ஸ் மாணவன் கிரீசைக் கண்டு ஒதுங்குகிறான். இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார, நம் லேபுக்குப் பழைய இன்ஜின் ஒன்றும் அதன் கம்ப்யூட்டரும் வேண்டும் என்று நம் பேரவை நிர்வாகத்திடம் கேட்கவேண்டும்.

அதுவரை ஒரு எல்இடி, தொடரில் ஒரு 1,000 ஓம் ரெசிஸ்டர், இரண்டு துண்டு ஒயர். இன்ஜெக்டர் பிளக்கைக் கழற்றி, எல்இடியின் நீளக்காலை 12 வோல்ட் பக்கம் செருகிச் செல்ஃப் அடித்தால், மினுக்கினால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. அடுத்து பெட்ரோல் பம்பைப் பார்க்கப் போகலாம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் யாராவது நாலைந்து செய்து கொடுத்தால் முதல் ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.