பலாப்பழம் தெரியும், சந்தியா தெரியாது

கோடையில் காடாம்புலியூரைத் தாண்டும்போது மூக்கே சொல்லிவிடும், பலா சீசன் என்று. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பலாவும் முந்திரியும்தான். அங்கே ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் மூன்று பையன்கள். ஒருவன் முதுகில் மெஸ்ஸி, 10-ம் நம்பர்.

“தம்பி, பண்ருட்டிக்காரர் ஒருத்தர் இந்தியாவுக்கு ஃபார்வர்டா ஆடினாங்களே, யார் தெரியுமா?”

“நம்மூர்ல ஏது சார் ஃபுட்பால்?”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரொசாரியோவில் பிறந்தவரைத் தெரிந்த பையனுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவரைத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நாம்தான்.

பெயர் சந்தியா ரங்கநாதன். 1996-ல் பிறந்தவர். கடலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே பந்து பழகியவர். 2018-ல் தமிழ்நாடு முதல்முறையாக சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றது. கட்டக்கில் நடந்த இறுதிப் போட்டியில் தோற்றது, பெண்கள் கால்பந்தில் ஜாம்பவானான மணிப்பூர். அந்த அணியில் சந்தியாவும் இருந்தார், இன்னொரு கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசனும் இருந்தார். 2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோதும் சந்தியா உண்டு. 2023-ல் கேரளத்தின் கோகுலம் அணி கோப்பையைத் தூக்கியபோதும் உண்டு.

பத்திரிகைகள் எழுதாமல் இல்லை. எழுதின. ‘வறுமையை வென்ற வீராங்கனை’! எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நாலு பாரா, அவர் பந்தை எந்தக் காலால் அடிப்பார் என்று ஒரு வரி கிடையாது. ஆண் ஆட்டக்காரரை இப்படியா எழுதுகிறோம்? கஷ்டத்தைப் படித்து உச் கொட்டினால் நம் கடமை முடிந்ததா?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2023 வரை அந்த தேசிய லீக் எத்தனை நாள் நடந்தது தெரியுமா? அந்த வருஷம் 16 அணிகளையும் ஆமதாபாத்தில் கொண்டுபோய் இறக்கி, ஏப்ரல் 26 முதல் மே 21 வரை ஆடச் சொன்னார்கள். ஒரு மாதம்கூட இல்லை. மீதி பதினோரு மாதம் ஒரு ஃபார்வர்டு என்ன செய்வார்? சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் லீக் அந்த டிசம்பரில்தான் வந்தது. அதிலும் 7 அணிகள், ஆளுக்கு 12 மேட்ச். இந்துமதி போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். இந்தியாவுக்கு ஆடுகிறவருக்குக் காக்கி உடைதான் மாதச் சம்பளம்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நவி மும்பையில் நடந்தது. சந்தியாவும் அணியில். ஈரானோடு கோல் இல்லாத டிரா. அடுத்த மேட்சுக்குள் கொரோனா புகுந்து, களமிறக்க 13 பேர்கூடத் தேறவில்லை. சொந்த மண்ணிலேயே போட்டியை விட்டு வெளியேறினார்கள். எட்டுக் கோடி தமிழர்களில் எத்தனை பேருக்கு அன்று வலித்தது?

நெய்வேலியில் பாரதி ஸ்டேடியம் இருக்கிறது. கடலூரில் அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது. நிலக்கரியால் சம்பாதிக்கிற நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கிறது. சிலையெல்லாம் வேண்டாம் ஐயா. வருஷத்துக்கு ஆறு மாதம், ஞாயிறுதோறும், மாவட்டப் பெண்களுக்கு ஒரு லீக். பயிற்சியாளருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு பஸ் காசு, முட்டை. முதல் மேட்சைத் தொடங்கிவைக்க மந்திரியைத் தேடாமல் சந்தியாவைக் கூப்பிடுங்கள்.

அந்த டீக்கடைப் பையன்களை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.