கடைசிக் காலம் எந்தக் கரையில்?

மாலை வேளையில் செம்பவாங் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே ஜொகூர்க் கரை தெரியும். அங்கே வந்து அமர்ந்திருக்கும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது? இங்கேயா, அக்கரையில் ஜொகூரிலா, அல்லது அப்பன் பாட்டன் பிறந்த ஊரிலா? ஜொகூர்த் தோட்டங்களில் பால் வெட்டும் தோழர்களும், கணக்கு எழுதும் கிராணிமாரும் கேட்கும் கேள்வியும் இதுவேதான்.

ஓய்வு பெற்றவர்கள் இடம் பெயர்வது நம்மவர்க்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் தனிமனிதர் வருமானத்துக்கு மாநில வரி போடுவதில்லை. 1924ஆம் ஆண்டிலேயே அதைத் தன் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டது. ஆகவே வடக்கே குளிரில் உழைத்தவர்கள் ஓய்வுக் காலத்தில் அங்கே குவிகிறார்கள். அதிலும் பழக்கம் விடவில்லை. நியூயார்க் பக்கத்தார் அட்லாண்டிக் கரையை நாடுகிறார்கள். மிச்சிகன் பக்கத்தார் மேற்கே வளைகுடாக் கரையை நாடுகிறார்கள். தத்தம் ஊரிலிருந்து நேரே இறங்கும் நெடுஞ்சாலை எங்கே முடிகிறதோ, அங்கேயே உறவும் நட்பும் கூடிவிடுகின்றன. போர்ச்சுகல் நாடு 2009இல் அயல்நாட்டு ஓய்வூதியர்களுக்கு வரிச்சலுகை காட்டி அழைத்தது. 2020இல் 10 விழுக்காடு வரி போட்டது. 2024இல் புதிதாக வருவோருக்குக் கதவை அடைத்தது. வரியை நம்பிப் போகிறவன் சட்டம் மாறினால் தவிக்க வேண்டியதுதான்.

நம் தொழிலாளியை இந்த வரி அசைக்குமா? கணக்குப் போட்டே பார்ப்போம். சாவு வரி என்று மக்கள் சொல்லும் சொத்து வரியை இந்தியா 1985இலும், மலேசியா 1991இலும், சிங்கப்பூர் 2008இலும் எடுத்துவிட்டன. ஓய்வு பெற்றவர் எடுக்கும் சேமநிதிப் பணத்துக்குச் சிங்கப்பூரிலும் வரியில்லை, மலேசியாவிலும் வரியில்லை. இந்தியாவில் ஓராண்டில் 182 நாட்கள் தங்கினால் அங்கு வசிப்பவர் என்று கணக்கில் சேர்ப்பார்கள். நாளடைவில் வெளிநாட்டு வருமானமும் கணக்குக்கு வரும். ஆனால் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு முதல், புதிய வரி முறையில், அங்கு வசிப்பவருடைய வருமானம் ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் வரை இருந்தால் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் 1,000 வெள்ளி வருகிறது, ஒரு வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 8,40,000 ரூபாய்தானே ஆகிறது! ஆகவே வரி என்பது பணக்காரர் கவலை. நம்மவர் கவலை வேறு.

நம்மை அசைப்பது பழக்கம். "கட்டை வேகிறது ஊரில்தான் வேக வேண்டும்" என்பது பழைய தொழிலாளியின் பேச்சு. அந்தப் பேச்சில் பாசம் உண்டு. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு நீர் ஊற்றியவர் யார் என்று கேட்கிறோம். 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. துரைமார் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய பணத்தில் ஆட்களைக் கப்பலேற்றி அழைத்து வந்தார்கள். உடல் தளர்ந்தவர்களையும் நோயாளிகளையும் திருப்பி அனுப்பியதும் அந்தப் பணத்தில்தான். 1930 முதல் ரப்பர் விலை சரிந்த மந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பியனுப்பினார்கள். முதுமைக்கு ஓய்வூதியம் கொடுப்பதைவிடக் கப்பல் சீட்டு மலிவு அன்றோ! ஊருக்குப் போவது நம் ஆசை மட்டுமன்று. அது அவர்கள் போட்ட வரவு செலவுக் கணக்குமாகும்.

பின்னர் சேமநிதி வந்தது. மலாயாவில் 1951இல் ஊழியர் சேமநிதியும், சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதியும் ஏற்பட்டன. இவை பெரிய பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பணம் எந்த வடிவில் கைக்கு வருகிறதோ அந்த வடிவமே மனிதனின் இடத்தையும் முடிவு செய்கிறது. இதற்குச் செம்பவாங்கே சாட்சி.

ஒரு காலத்தில் இங்கே புக்கிட் செம்பவாங் கம்பெனியின் ரப்பர் மரங்கள் நின்றன. பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்தது; தமிழரும் மலையாளிகளும் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். 1968 ஜனவரியில், 1971 முடிவுக்குள் வெளியேறுவோம் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பலர் மொத்தத் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் கப்பல் ஏறினார்கள். அதே 1968இல்தான் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கலாம் என்ற வழியும் திறந்தது. குடியுரிமை பெற்றிருந்தவர்களில் அந்த வழியைப் பிடித்தவர்கள் வேரூன்றினார்கள். ஒரே தளத்தில் உழைத்தவர்கள். ஒரே பெரட்டில் நின்றவர்கள். ஒருவருக்குப் பணம் மொத்தத் தொகையாக வந்தது, இன்னொருவருக்கு வீடாக வந்தது. இருவர் முதுமையும் இரு வேறு கரையில் முடிந்தன.

இன்றும் அதே சங்கதிதான். 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஜொகூரில் வாழ்ந்தால் மலிவு என்ற ஆசை எழுவது இயற்கையே. ஊருக்கே போய்விடலாம் என்ற ஆசை வேறு. சிங்கப்பூரில் குடியுரிமையையோ நிரந்தரவாசத்தையோ விட்டுவிட்டு, சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிலையாக வெளியேறினால் சேமநிதி முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அந்த ஒரு கையெழுத்தோடு மானிய மருத்துவமும் போகிறது, வாழ்நாள் காப்புறுதியும் போகிறது. ஆனால் குடியுரிமையை வைத்துக்கொண்டே ஊரில் போய்த் தங்கினால் மாதத் தொகை நிற்பதில்லையே! இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

நாம் கண்ணால் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். தோட்டமும் பெயரும் வேண்டாம். முப்பது ஆண்டு பால் வெட்டிய பெரியவர் ஒருவர் 55 வயதானதும் ஊழியர் சேமநிதி முழுவதையும் எடுத்தார். ஊரில் நிலமும் வீடும் வாங்க நினைத்தார். அயல்நாட்டுக் குடிமகன் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. ஆகவே எல்லாம் தம்பி பெயரில் ஆயிற்று. மூன்றாம் ஆண்டு தம்பிக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. பெரியவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வேலை போனபோதே லயத்து வீடும் போய்விட்டது. இன்று மகளுடைய இரண்டறை வீட்டில் மருமகன் முகம் பார்த்துச் சாப்பிடுகிறார். அந்தப் பணம் எடுக்கும் பாரத்தை எழுதிக் கொடுத்த கை நம்முடையது. "அண்ணே, ஒரு வாரம் பொறுங்கள், யோசித்து எடுக்கலாம்" என்று அன்று நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் நம்மை விடவில்லை.

ஆகவே ஓய்வை நெருங்கும் தோழர்களுக்கும், பாரம் எழுதும் கிராணிமாருக்கும் நாம் கூறுவது இதுதான். மலேசியாவில் 55 வயதானதும் பணத்தை முழுவதும் எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. நிதியிலேயே விட்டால் 100 வயது வரை ஈவு உண்டு. மாதா மாதம் வாங்கும் வழியும் உண்டு. ஊரில் நீண்ட நாள் தங்க விரும்புகிற இந்திய வம்சாவளியினர் குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை இருக்கிறது. அதற்குப் பாட்டன் பிறப்பைக் காட்டும் பத்திரம் வேண்டும். பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சூரை எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். சேமநிதிக்கு வாரிசுப் பெயரைத் தனியே பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் உயிலில் எழுதினால் சேமநிதிப் பணத்துக்குச் செல்லாது.

சங்கத்துக்கும் கடமை உண்டு. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே ஒவ்வொரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் உட்கார வைத்துக் கணக்கை விளக்க வேண்டும். லயத்து வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கு முன் சொந்தக் கூரை ஒன்று தொழிலாளிக்கு உண்டு என்ற நிலையைத் தோட்ட நிர்வாகங்களிடம் வற்புறுத்திப் பெற வேண்டும். சம்பளப் பேச்சுக்கு இணையாக இந்தப் பேச்சும் மேசைக்கு வர வேண்டும்.

ஊருக்குப் போகிறவர் மகிழ்ச்சியோடு போகட்டும். இங்கே இருப்பவர் நிம்மதியோடு இருக்கட்டும். எந்தக் கரையை நாடினாலும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நாட வேண்டும். கப்பல் சீட்டுக் கொடுத்து நம் பாட்டனை அனுப்பி வைத்தார்கள். நம்மை அப்படி அனுப்ப விடலாகாது.