மிளகுக்கு ஏழு ஆண்டுகள் ஒரே விலையா?

ஜெய்சால்மரில் 2024 டிசம்பர் 21 அன்று கூடிய 55-வது ஜிஎஸ்டி கவுன்சில், விவசாயி விற்கும் மிளகுக்கு வரி இல்லை என்று ‘தெளிவுபடுத்தியது’. பச்சை மிளகானாலும் சரி, காய்ந்ததானாலும் சரி. உடனே நன்றி அறிவிப்புகளும் பாராட்டுகளும் கிளம்பிவிட்டன. எதற்கு நன்றி? தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே வேண்டியதில்லை என்று சட்டத்தின் 23-வது பிரிவு 2017-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் காட்டியதற்கு விழா எடுத்தவர்கள், மிளகு விவசாயியின் பிழைப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த எண் 500.

2017 டிசம்பரில் மத்திய வணிக அமைச்சகம் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாயை நிர்ணயித்தது. கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து நம் துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை இது. 2018 மார்ச்சில், அதற்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குவதற்குத் தடையே விதித்தார்கள். உள்ளூர் விலை சரிந்துகொண்டிருந்த நேரம் அது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 2024 வரை ஏழு ஆண்டுகளாக அந்த எண்ணை ஒரு ரூபாய்கூட நகர்த்தாமல் வைத்திருந்ததை என்னவென்று சொல்வது?

கணக்கைப் பாருங்கள். 2020-ல் வியட்நாம் மிளகு டன்னுக்கு 2,000 முதல் 2,500 டாலருக்குள் கிடைத்தது. கிலோவுக்கு 150 முதல் 185 ரூபாய். அதே ஆண்டு கொச்சியில் நம் மிளகு 350 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அதாவது, நம் மிளகின் விலை வியட்நாம் மிளகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு; அரசு விதித்த வரம்போ அதைவிடவும் உயரம். சட்டப்படி பார்த்தால் உள்ளூர் விற்பனைக்கு ஒரு மூட்டைகூட உள்ளே வந்திருக்கக் கூடாது. பல்லாயிரம் டன் வந்தது. ஏற்றுமதிக்கான சலுகைத் திட்டங்களில் வந்தது ஒரு பங்கு. 180 ரூபாய் சரக்குக்கு 500 ரூபாய் என்று ரசீது போட்டு, மீதிப் பணத்தை வேறு வழியில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று விவசாயிகள் சங்கங்கள் அன்றே குற்றம்சாட்டின. காது கொடுத்தவர் யார்?

2024 இறுதியில் நிலைமை தலைகீழ். வியட்நாம் விலை டன்னுக்கு 6,000 டாலரைத் தாண்டியிருந்தது. ரூபாயில் மாற்றினால், வரி சேர்ப்பதற்கு முன்பே கிலோ 500-க்கு மேல். கொச்சியில் 600-ஐத் தாண்டியிருந்தது. ஆக, 500 ரூபாய்க்குக் கீழே தரமான மிளகை விற்க உலகத்தில் ஆளே இல்லாத நேரத்தில், 500-க்குக் கீழே வாங்காதே என்று நாம் தடை போட்டு வைத்திருந்தோம். 2020-ல் எட்டாத உயரம், 2024-ல் தரைக்கும் கீழே. இரண்டு காலத்திலும் தடுக்க வேண்டியவரைத் தடுக்காத ஒரு தடை.

இந்த எண்ணுக்குத் தரம் பார்க்கவும் தெரியாது. கொல்லிமலைச் செம்மேட்டில் மிளகு வாங்கும் வியாபாரியிடம் பாடம் கேட்கலாம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். லிட்டர் படியில் கொட்டி, விளிம்போடு வழித்துவிட்டுத் தராசில் வைப்பார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் வேறு விலை, அதற்கும் கீழே என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு விலை. எண்ணெய் எடுக்கப் போகும் சொத்தை மிளகுக்கும், கனத்த முதல்தர மணிக்கும் ஒரே 500 என்று எழுத டெல்லியில் மட்டும்தான் முடியும்.

நான்கு வாசல்கள்

வரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வாசலுக்கு ஒன்றாக. பொதுவான வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தத்தில் வந்தால் 50. தெற்காசிய ஒப்பந்தத்தில் வந்தால் 8. இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை பூஜ்யம். எந்த வாசலில் கூட்டம் மோதும் என்று கேட்கவே வேண்டாம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, ‘இலங்கை’ ஆகி, தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் வருகிறது என்ற புகார் பல்லாண்டுப் பழசு. இலங்கை அரசே 2017 இறுதியில், மறுஏற்றுமதிக்காக மிளகு இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. புகாரில் உண்மை இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இந்த 500 ரூபாய்த் தடையில் அடி வாங்கியது இலங்கையின் மாத்தளை, கண்டிப் பக்கத்து நேர்மையான விவசாயியும்தான். அவருடைய நல்ல மிளகும் 500-க்குக் கீழே விற்ற காலத்தில், இந்தியச் சந்தை அவருக்குச் சாத்தப்பட்டது.

வியட்நாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் உலக மிளகு வணிகத்தில் அதிகம் பெயர் அடிபடாத நாடு. 2024-ல் அது ஏற்றுமதி செய்தது சுமார் 2.5 லட்சம் டன். வருமானம் 130 கோடி டாலருக்கு மேல். பல நூற்றாண்டுகளாக உலகத்துக்கே மிளகு அனுப்பிய நாம் இன்று ஆண்டுக்கு 20,000 டன் அளவில் தட்டுத்தடுமாறுகிறோம். அவர்களுக்கு ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் கிடைக்கிறது. நமக்கு அரை டன் கிடைப்பதே அபூர்வம். அங்கே கம்பம் நட்டு, மிளகை மட்டுமே பயிரிட்டு, உரமும் நீரும் அளந்து கொடுக்கிறார்கள். இங்கே காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் மீது படர்ந்து, வாடல் நோய்க்குத் தப்பியது வரை லாபம் என்று வளர்கிறது நம் கொடி. அறுவடைக்கு ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பது அடி ஏற ஆள் கிடைக்க வேண்டும். சந்தைக்கு வரும்போது இந்த இரண்டு மிளகும் ஒரே தராசில் நிற்கின்றன.

2024-ன் நல்ல விலைக்கும் நம் அரசு உரிமை கொண்டாட முடியாது. விலை சரிந்தபோது வியட்நாம் விவசாயிகள் மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டுத் துரியன் பழத்துக்கும் காப்பிக்கும் மாறினார்கள். அங்கே பரப்பு சுருங்கியது. உலக விலை ஏறியது. ஏற்காட்டு விவசாயி நன்றி சொல்வதாக இருந்தால், டாக் லாக் மாகாணத்துத் துரியன் மரங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அங்கே துரியன் சலித்துப்போனால்?

யாருக்கு மலிவு?

வரம்பையே தூக்கிவிடு என்கிறவர்களின் வாதங்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. மூலப்பொருள் மலிவாகக் கிடைத்தால்தான் நிற்க முடியும் என்கின்றன மிளகு எண்ணெயும், ஒலியோரெசின் எனும் மிளகுச் சாறும் எடுக்கும் ஆலைகள். ஏற்றுமதிக்காக வரியில்லாமல் இறக்கிக்கொள்ளும் திட்டம் அவர்களுக்கென்றே இருக்கிறது. அப்படி இறக்கிய மிளகை அரைக்கலாம், எண்ணெய் எடுக்கலாம். வெறுமனே சுத்தம் செய்து மூட்டை மாற்றி விற்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் விவசாயிக்கு ஏன் வயிறு எரியப் போகிறது? இன்னொரு தரப்பு, நுகர்வோருக்காகக் கண்ணீர் விடுகிறது. ஒரு வீட்டுக்கு மாதம் நூறு கிராம் மிளகு என்றே வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு நூறு ரூபாய் ஏறினால், மாதம் பத்து ரூபாய் கூடுதல். இதற்காகவா ஒரு பயிரைக் காவு கொடுப்பது?

செய்ய வேண்டியது ராக்கெட் விடும் வேலையல்ல. கொச்சி விலையின் மூன்றாண்டு சராசரியை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்கு முன் இறக்குமதி வரம்பைத் திருத்துங்கள். லிட்டர் எடைக்கு ஏற்பத் தரவாரியாக விலை வையுங்கள். எந்த நாட்டு மிளகு என்ற சான்றிதழைத் துறைமுகத்திலேயே சரிபாருங்கள். வரியில்லாமல் வந்த ஒவ்வொரு டன்னும் எந்த வடிவத்தில் வெளியே போனது என்ற கணக்கைப் பொதுவெளியில் வையுங்கள்.

இதில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; வரம்பைத் திருத்த ஓர் அறிவிக்கை போதும். அதைக்கூடச் செய்ய மனமில்லாவிட்டால், அடுத்த விலைச்சரிவில் நம் விவசாயியும் கொடியைப் பிடுங்குவார். அதன் பிறகு மிளகுக்கு வரி உண்டா இல்லையா என்று எந்தக் கவுன்சிலும் கூடித் தெளிவுபடுத்த வேண்டியிருக்காது. வரி போட இங்கே மிளகே இருக்காது.