பின் சீட்டு இயர்போனைக் கழட்டுங்க

முதல்லயே சொல்லிடறேன், இது "லாங் டிரைவுக்கு ஏத்த டாப் 10 பாட்டு" வகைப் பதிவு இல்லை. பட்டியல்தான் வேணும்னா உங்க போனே கொடுத்துடும். கேக்காமலேயே கொடுக்கும். நான் வந்திருக்கிறது சண்டை போட. யார் கூடன்னா, என்னை மாதிரியே ஊரை விட்டு வந்து புனேயிலோ ஹைதராபாத்திலோ குர்காவ்லயோ குடும்பம் நடத்திக்கிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது காரை எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்புற அப்பா அம்மாக்கள் கூட.

விஷயம் இதுதான். கார்ல என்ன பாட்டு ஓடுதுங்கிறது உங்க சொந்த ரசனை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. வெளிமாநிலத்துல வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு மணிக்கணக்கா தமிழ் காதுல விழுறதுக்கு மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்தக் கார்தான். அதையும் நாமளே கெடுத்துக்கிட்டிருக்கோம்.

இன்னைக்கு நம்ம ஆளுங்க காரை எட்டிப் பாருங்க. ஸ்டியரிங் பிடிச்சிருக்கிற அப்பா ஸ்பீக்கர்ல இளையராஜா. பக்கத்துல அம்மா போன்ல விட்டுப்போன சீரியல். பின்னாடி பொண்ணு காதுல கொரியப் பாட்டு. அவளுக்குப் பக்கத்துல தம்பி காதுல யாரோ கேம் விளையாடிக்கிட்டே கத்துற வீடியோ. நாலு பேர், நாலு சத்தம், ஒரு வண்டி. கேட்டா, "பசங்க தொந்தரவு இல்லாம வர்றாங்க சார், நிம்மதி" அப்படின்னு பதில் வரும். அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம்னு ஒரு கணக்குப் போடலாம்.

புனேயில இருந்து பெங்களூரு சுமார் 840 கிலோமீட்டர். சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹுப்ளி, சித்ரதுர்கா, தும்கூர்னு ஒரு நாள் முழுக்க ஓட்டணும். பெங்களூருல தூங்கி எழுந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியா மதுரை போனா இன்னும் 430 கிலோமீட்டருக்கு மேல. சாப்பாட்டுக்கு நிறுத்துற நேரத்தைக் கழிச்சாலும் ஒரு வழிக்கு 20 மணி நேரம் வண்டிக்குள்ள உக்காந்திருக்கோம். போக வர 40 மணி நேரம். தமிழ்ச் சங்கத்துல ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வாரம் 1 மணி நேரம் அனுப்புறதா வச்சுக்கிட்டா, இது 40 வாரம். ஒரு வருஷப் பாடம்! பிள்ளைங்க எழுந்து ஓட முடியாது, டியூஷன் இல்லை, கராத்தே கிளாஸ் இல்லை. இப்படி ஒரு வாய்ப்பை இயர்போன் கிட்ட தூக்கிக் கொடுத்துட்டு, அப்புறம் சொந்தக்காரங்க கிட்ட "தமிழ் புரியும், பேசத்தான் வராது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

"வீட்டுல தமிழ்தான் பேசறோம், ஆனா சுத்தி எல்லாரும் ஹிந்தி, மராத்தி. நாங்க என்ன பண்றது?" இது அடுத்த பதில். சுத்தி வேற மொழி இருந்தா தமிழ் வராதுங்கிறீங்க. அப்ப நமக்கெல்லாம் தமிழை இப்படித்தான் உச்சரிக்கணும்னு காதுல ஏத்தினவங்க யாருன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

டி.எம்.சௌந்தரராஜன் மதுரைக்காரர்தான், ஆனா வீட்டு மொழி சௌராஷ்டிரம். பி.சுசீலா பிறந்தது விஜயநகரத்துல, தாய்மொழி தெலுங்கு. எஸ்.ஜானகிக்கும் தெலுங்கு, எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் தெலுங்கு. ஜேசுதாஸ், ஜெயச்சந்திரன், சித்ரா மூணு பேரும் மலையாளம். மெட்டுப் போட்ட எம்.எஸ்.விஸ்வநாதனே பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலா வாங்கினது சுசீலா. எதுக்காக? 1968-ல வந்த 'உயர்ந்த மனிதன்' படத்துல பாடின தமிழ்ப் பாட்டுக்காக. சித்ரா வாங்கின முதல் தேசிய விருது 1985-ல வந்த 'சிந்து பைரவி'யில பாடினதுக்காக. அதுவும் தமிழ்தான்.

இவங்க எல்லாம் எப்படிக் கத்துக்கிட்டாங்க? காதால கேட்டு, திரும்பச் சொல்லி, தப்பாச் சொன்னா திருத்திக்கிட்டு. பாட்டு வரியைத் தனக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுதி வச்சுக்கிட்டுப் பாடுறது அந்தத் தொழில்ல ரொம்பச் சாதாரணம். அப்படின்னா, "என் பையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே" அப்படிங்கிற சாக்கும் போச்சு. தேவநாகரியில எழுதிப் பாடட்டும், யார் வேண்டாம்னது? ழகரம் நாக்குல இருந்து வரணும், நோட்டுல இருந்து இல்லை.

அடுத்து, "பசங்களுக்குத் தமிழ்ப் பாட்டு புரியலைங்க, அதான் பிடிக்கலை". இதுதான் எனக்கு அதிகமாக் கோபம் வர்ற இடம். பின் சீட்டுல உக்காந்து பிடிஎஸ் பாட்டை வரிக்கு வரி கூடவே பாடுறாளே உங்க பொண்ணு, அவளுக்குக் கொரிய மொழி தெரியுமா? புரியாத மொழியில பாட்டு பிடிக்கும்னு அவளே நிரூபிச்சுட்டா. அர்த்தம் என்னன்னு தானாத் தேடியும் படிக்கிறா. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷம்தான். சியோல்ல இருந்து வர்ற பாட்டுக்கு அவ்வளவு பாடுபடுற பிள்ளை, தன் பாட்டி பேசுற மொழிக்குப் பாடுபட மாட்டேங்குதுன்னா, கோளாறு பிள்ளைகிட்ட இல்லை. அந்தப் பாட்டை அவகிட்ட கொண்டுபோய்ச் சேர்த்த விதத்துல இருக்கு.

சேர்க்கிற விதம்னு சொன்னதும் இப்ப அப்பாமார் பக்கம் திரும்பறேன். நீங்க ஒண்ணும் ஒழுங்கு இல்லை :-) உங்க கார் ஒரு மியூசியம். 1976-ல 'அன்னக்கிளி'யில ஆரம்பிச்சு, 1992-ல 'ரோஜா' வாசல்ல போய் நின்னுடும். அதுக்கு மேல ஒரு பாட்டு வந்தா "இதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு ஆரம்பிச்சு, கேசட்ல ஒரு பக்கம் 30 நிமிஷம் ஓடும், பென்சில் விட்டுச் சுத்துவோம்னு சாத்தாராவில இருந்து கோலாப்பூர் வரைக்கும் பிரசங்கம். எந்தக் குழந்தைக்குத்தான் இயர்போன் மாட்டத் தோணாது?

ராஜாவை நிறுத்தச் சொல்லலை. என் வண்டியிலயும் ராஜாதான் அதிகம். ஆனா குழந்தைக்கு வாசல் வேற இடத்துல திறந்திருக்கும். அது அனிருத்தா இருக்கலாம், சந்தோஷ் நாராயணனா இருக்கலாம். அந்த வாசல் வழியா உள்ள விடுங்க, அப்புறம் வீட்டைச் சுத்திக் காட்டலாம். நா.முத்துக்குமார் தேசிய விருது வாங்கின ரெண்டு பாட்டும் 'தங்க மீன்கள்' (2013), 'சைவம்' (2014) படங்கள்ல இருக்கு. முதல் பாட்டு அப்பா–மகள் பாட்டு. ரெண்டாவதைப் பாடினது உத்ரா உன்னிகிருஷ்ணன்ங்கிற சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைக்கும் தேசிய விருது கிடைச்சுது. உங்க வீட்டுப் பிள்ளை வயசுல ஒரு பிள்ளை பாடியிருக்குன்னு சொல்லிப் போட்டுப் பாருங்களேன்.

"சினிமாப் பாட்டுல என்ன பெரிய தமிழ் இருக்கு"ன்னு ஒரு தரப்பு கேக்கும். 29 வயசுல செத்துப்போன பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினது தமிழ் இல்லையா? கண்ணதாசன், வாலி, வைரமுத்து, தாமரை எழுதினது? குப்பையும் இருக்கு, ஒத்துக்கறேன். அதைத் தள்ளிவிடத்தானே நாம இருக்கோம். சினிமாவே வேண்டாம்னா நம்ம ஊர் பஸ் டிரைவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாதா? விடியக்காலையில வண்டி எடுத்ததும் சீர்காழி கோவிந்தராஜன், சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம், நாகூர் ஹனிபா. இவங்க குரல்ல ஒரு எழுத்து கூட மங்கலா விழாது. வரப்பு, வாய்க்கால், கொலுசு, மருதாணி, அந்தி, ஏக்கம் மாதிரி வார்த்தைங்களை அபார்ட்மெண்ட்ல உக்காந்து நாம எப்பப் பேசப் போறோம்? நம்ம வீட்டுத் தமிழ் "சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, லைட்டை அணை" இவ்வளவுதான். மிச்சத் தமிழ் எல்லாம் பாட்டுலதான் இருக்கு.

ஓட்டுறவருக்கும் இதுல லாபம் இருக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர்ல போற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். அடுத்த பாட்டைத் தேட ஸ்கிரீனை 3 நொடி பார்த்தீங்கன்னா 66 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. போனைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டினா, 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி அது ஆபத்தான ஓட்டுதல்லயே சேர்த்தி. போனைப் பின் சீட்டுல கொடுத்துட்டா இந்த வம்பே இல்லை. இன்னொண்ணு, தூக்கத்தை விரட்டணும்னு குத்துப்பாட்டை அலற விடுறவங்களைப் பார்க்கிறேன். தூக்கம் சத்தத்துக்குப் பயப்படாது. ஓரமா நிறுத்தித் தூங்கறது ஒண்ணுதான் வழி. ஆனா எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டுப் பேசிக்கிட்டு வந்தா, தொப்பூர் கணவாய் இறக்கத்துல அப்பா கண்ணு சொருகுறதைக் கவனிக்க ஒரு ஆளாவது முழிச்சிருப்பாங்க. நாலு பேர் காதும் அடைச்சிருந்தா யார் கவனிப்பா?

சும்மா திட்டிட்டுப் போகக் கூடாது. எங்க வண்டியில இருக்கிற சட்டம் இது. பிடிச்சா எடுத்துக்குங்க.

1. வண்டியில ஒரே ஸ்பீக்கர். இயர்போன் யாருக்கும் கிடையாது, அம்மாவுக்கும் சேர்த்து.

2. முறை வச்சுப் பாட்டு. ஆளுக்கு 3 பாட்டு, அப்புறம் அடுத்த ஆள். கொரியா, ஹிந்தி, மராத்தி எதுவும் போடலாம். அப்பாவும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். ஆனா ஒவ்வொருத்தர் முறையிலயும் ஒண்ணாவது தமிழ்.

3. தமிழ்ப் பாட்டு முடிஞ்சதும் தெரியாத வார்த்தை ஒண்ணு கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு. பாடம் நடத்தினா எல்லாம் கெட்டுப் போகும்.

4. "எங்க காலத்துல" அப்படின்னு ஆரம்பிக்கிறவருக்கு அடுத்த முறை பறிபோகும். (நான் நிறைய இழந்திருக்கேன்.)

5. பேச்சு வந்தா பாட்டை நிறுத்தலாம். பேச்சுதான் முக்கியம்.

சர்வாதிகாரம்னு சொல்வீங்க. இல்லை. ஸ்கூல்ல எந்த மொழி, டியூஷன் எது, எந்த கோடிங் கிளாஸ்னு எல்லாத்தையும் நாமதானே முடிவு பண்றோம்? தமிழ்னு வந்தா மட்டும் "பசங்க விருப்பம்"னு ஜனநாயகம் பேசறது என்ன நியாயம்?

கடைசியா ஒண்ணு. இந்த 1,270 கிலோமீட்டரும் எதுக்கு ஓட்டுறோம்? வாசல்ல காத்துக்கிட்டிருக்கிற தாத்தா பாட்டிக்காகத்தானே. நாலு நாள் லீவுல பேரனும் பாட்டியும் "சாப்பிட்டியா கண்ணு", "ம்"ங்கிறதுக்கு மேல பேச ஏதாவது வேணும். பாட்டி கொரிய மொழி கத்துக்கப் போறதில்லை. இலக்கணம் எல்லாம் வேண்டாம், ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரு சுசீலா பாட்டு இருந்தாப் போதும். பாட்டி ஆரம்பிப்பாங்க, பிள்ளை முடிக்கும். அதுக்கப்புறம் பேச்சு தானா வரும். பாட்டிங்க ரொம்ப வருஷம் காத்திருக்க மாட்டாங்க, அதையும் நினைவுல வச்சுக்குங்க.

பொங்கலுக்குக் கிளம்பும்போது டயர்ல காத்து, ஃபாஸ்டேக்ல பணம், புளியோதரை எல்லாம் சரி பார்ப்பீங்க. அதோட, அந்த இயர்போன்களை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வாங்க.